பொக்சிங் விட்ட பிறகு எடை இறக்கப் போய் நான் பட்ட பாடு

எனக்கு முன்னம் இந்தப் பாதையில் போன ஒருவர்கூட இதைச் சொல்லித் தரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். றிங்கில் எப்படி நிற்பது, எப்படி அடிப்பது, எப்படி அடி வாங்குவது என்று சொல்லித்தர ஆள் இருந்தது. விட்ட பிறகு அந்த உடம்பை என்ன செய்வது என்று சொல்ல ஒருவரும் இருக்கவில்லை. போன வருடம் சித்திரையில் சிறுநீரகம் பாதிக்கப்பட்டு யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் கிடந்தபோது எனக்கு வயது 43. எங்கள் ஊர்ப் பக்கம் முன்னாள் பொக்சர்கள் கனபேர் இல்லை. ஆனால் பளுதூக்கல், கராத்தே, கபடி என்று கடுமையாகப் பயிற்சி செய்து முப்பது வயதுக்குள் விட்டவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்களும் இதை வாசிக்க வேண்டும்.

1995 ஐப்பசி இடம்பெயர்வோடு சாவகச்சேரி, பிறகு வன்னி, பிறகு கொழும்பு என்று போன குடும்பம் எங்களுடையது. வெள்ளவத்தையில் சித்தப்பா வீட்டில் இருந்து படிக்கும்போது ஒரு கழகத்தில் பொக்சிங் பழகத் தொடங்கினேன். சிங்களம் சரியாகத் தெரியாத பெடியனுக்கு அது நல்ல இடம், அங்கே கதைத்து விளங்கப்படுத்தத் தேவையில்லை. எங்கள் கோச், 1938இல் சிட்னியில் நடந்த பேரரசு விளையாட்டுப் போட்டியில் (இப்போதைய கொமன்வெல்த் போட்டி) இலங்கைக்குத் தங்கம் எடுத்த பொக்சர் பார்னி ஹென்றிக்கஸைப் பற்றி அடிக்கடி சொல்லுவார். வென்றவர்களின் கதை எல்லாம் எங்களுக்குப் பாடம். அவர்கள் ஐம்பது வயதில் என்ன சாப்பிட்டார்கள், எப்படி நடந்தார்கள் என்று நாங்கள் கேட்டதும் இல்லை, அவர் சொன்னதும் இல்லை.

கடைசி வருடங்களில் நான் ஏறியது 64 கிலோ பிரிவில். சாதாரண நாளில் என் எடை 70. அந்த 6 கிலோவை இறக்குவதுதான் ஒவ்வொரு போட்டிக்கும் பெரிய பாடு. மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு ஸ்கிப்பிங் அடிப்போம். தண்ணீரை நிறுத்துவோம். எச்சிலைப் போத்தலில் துப்பிக்கொண்டே இருப்போம். அமெச்சூர் போட்டிகளில் சண்டை உள்ள ஒவ்வொரு நாளும் காலையில் எடை பார்ப்பார்கள். பார்த்து முடிந்ததும் வெளியில் வந்து ஒரு போத்தல் தண்ணீரை மெல்ல மெல்லக் குடிக்கிற அந்தச் சுகம் இப்போதும் நாக்கில் நிற்கிறது. எடை குறைக்கிறது எங்களுக்குக் கைவந்த கலை என்று நம்பிக்கொண்டிருந்தோம். உண்மையில் எங்களுக்குத் தெரிந்தது தண்ணீரை இறக்கிப் பிறகு ஏற்றுவது மட்டும்தான். கொழுப்பைக் குறைக்கவும் குறைத்த எடையை வருடக்கணக்கில் வைத்திருக்கவும் எங்களில் ஒருவருக்கும் தெரியாது. இந்த வித்தியாசம் எனக்கு வாட்டில் படுத்திருந்தபோதுதான் விளங்கியது.

யுத்தம் முடிந்து, பொக்சிங்கையும் விட்டு ஊருக்குத் திரும்பி, கொக்குவிலில் மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகக் கடை போட்டேன். வேலை முழுக்க இருந்தபடிதான். காலையும் பின்னேரமும் பயிற்சி செய்த காலத்தில் என்ன பசி இருந்ததோ அதே பசி அப்படியே கூட வந்தது. பொக்சிங் விட்டால் பசியும் குறைந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். உடம்புக்கு அந்தச் செய்தி போய்ச் சேரக் கனகாலம் எடுக்கிறது. இரவில் இரண்டு நீத்துப்பெட்டிப் புட்டு, இல்லாவிட்டால் கொத்து ரொட்டி. கடைக்கு யார் வந்தாலும் ஒரு தேத்தண்ணி, அதில் இரண்டு கரண்டி சீனி. 64 கிலோக்காரன் 88க்கு வந்தது ஒரு நாளில் நடந்ததில்லை. வருடத்துக்கு இரண்டு கிலோவும் வராது. அதனால்தான் ஒருவரும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை.

உடம்பை விட மனம்தான் முதலில் விழுந்தது. றிங்கில் ஏறியவனுக்கு ஒரு திகதி எப்போதும் முன்னால் இருக்கும். அந்தத் திகதிக்காக எழும்புவோம், அதற்காகச் சாப்பிடுவோம், அதற்காகப் படுப்போம். அது இல்லாமல் போனதும் விடிய எழும்ப ஒரு காரணம் இல்லை. "பொக்சர் அண்ணை" என்று சந்தியில் கூப்பிடுகிறவர்களைப் பார்த்தாலே கூச்சம். கண்ணாடியில் சட்டையில்லாமல் என்னைப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். இதை மனைவிக்குக்கூடச் சொல்லவில்லை. சொன்னால் என்ன சொல்லுவாள் என்று பயந்து இல்லை, எந்தச் சொல்லில் சொல்வது என்று தெரியவில்லை.

இந்த நிலையில்தான் கொழும்பிலிருந்து பழைய கழக நண்பன் கோல் எடுத்தான். "மச்சான், பழைய ஆக்கள் எல்லாரையும் கூப்பிட்டு ஒரு காட்சிப் போட்டி வைக்கிறம். மூண்டு றவுண்ட், ரெண்டு ரெண்டு நிமிசம்தான். 75க்கு வா, உனக்கு ஆள் இருக்கு." போட்டிக்கு ஆறு கிழமை இருந்தது. வருடக்கணக்காக இல்லாத ஒரு திகதியும் ஒரு தராசு இலக்கமும் திரும்பக் கிடைத்த சந்தோசத்தில் அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

அந்தக் கணக்கை இப்போது போட்டுக் காட்டுகிறேன், யாராவது உங்களுக்கும் இப்படி ஒரு கோல் எடுத்தால் உதவும். 88இலிருந்து 75 என்றால் 13 கிலோ. ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறக்குறைய 7,700 கலோரி குறைய வேண்டும். 13 கிலோவுக்கு ஒரு லட்சம் கலோரி. ஆறு கிழமையில் அதைக் குறைப்பதென்றால் நாளுக்கு 2,400 கலோரி குறைய வேண்டும். ஒரு சாதாரண ஆணின் ஒரு நாள் சாப்பாடே ஏறக்குறைய அவ்வளவுதான். அதாவது ஒன்றுமே சாப்பிடாமல் இருந்தால்தான் இந்தக் கணக்கு சரிவரும். அது நடக்காத காரியம் என்பதால் மிச்சம் எல்லாம் தண்ணீராகவும் தசையாகவும்தான் போகும். இவ்வளவும் ஒரு துண்டுக் கடதாசியில் இரண்டு நிமிடத்தில் போடக்கூடிய கணக்கு. கிழமைக்கு அரைக் கிலோ, கூடிப்போனால் ஒரு கிலோ என்று வைத்துக்கொண்டு, அதற்குள் வராத எடையை யார் கேட்டாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

நான் ஜிம்மில் சேர்ந்தேன். ஒரு வருடக் காசு ஒன்றாகக் கட்டினால் மலிவு என்றார்கள், 48,000 ரூபா கட்டினேன். அங்கே இருந்த பயிற்றுநர் தம்பி என் வயதைக் கேட்டார், பழைய பொக்சர் என்றதும் பாரத்தை ஏற்றினார். பிரசர் இருக்கிறதா, முழங்கால் எப்படி என்று கேட்கவில்லை. கொஞ்சக் காலத்தில் ஜிம்மையே மூடிவிட்டார்கள், மிச்சக் காசு வரவில்லை. மாதக் காசாகக் கட்டுங்கள், மலிவு என்று எவ்வளவு சொன்னாலும். முதல் நாளே உங்கள் பழைய காயங்களைப் பற்றிக் கேட்டு எழுதி வைக்கிற இடமாகப் பார்த்துச் சேருங்கள். கேட்காத இடம் என்றால் வேறு இடம் பாருங்கள்.

வலது முழங்கால் வீங்கத் தொடங்கியது. பாமசியில் டைக்குளோபெனாக் என்ற நோக் குளிசையை வாங்கிக் காலையும் இரவும் போட்டேன். நோ குறைந்தது, அதனால் இன்னும் ஓடினேன். கடைசிக் கிழமை தராசில் இன்னும் ஐந்து கிலோ மிச்சம் இருந்தது. பழைய வழியில் இறங்கினேன். வியர்க்க வைக்கிற ஸ்வெட் சூட்டைப் போட்டுக்கொண்டு, சித்திரை வெயிலில், செம்மணி வீதியால் ஓட்டம். தண்ணீரைப் பாதியாக்கி, பிறகு நிறுத்தி. இருபத்தைந்து வயதில் இதையெல்லாம் செய்து மூன்று றவுண்டும் ஆடியவன் நான். அதே உடம்பு என்றுதான் நினைத்தேன்.

அடுத்த நாள் விடிய இரண்டு தொடையும் இறுகிக் கல்லாக நின்றது. கிணற்றடியில் குந்தியவன் எழும்ப முடியாமல் கட்டைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். போன சலம் வெறுந்தேத்தண்ணி நிறம். மனைவி வந்து பார்த்து, "இஞ்சாருங்கோ, என்னப்பா முகம் இப்பிடி வெளிறிக் கிடக்கு?" என்று கேட்டது மட்டும் நினைவு இருக்கிறது. அவள்தான் 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்குக் கோல் எடுத்தாள். அந்த அம்புலன்சுக்குக் காசு இல்லை, இலங்கையில் எங்கிருந்தும் எடுக்கலாம். இலக்கத்தை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள், ஓட்டோ தேடிக்கொண்டு நிற்கத் தேவையில்லை.

வாட்டில் பார்த்த டொக்டர் பிள்ளைக்கு முப்பது வயதும் இருக்காது. "அண்ணை, கடைசியா எப்ப தண்ணி குடிச்சனீங்கள்?" என்று கேட்டா. நேற்று மத்தியானம் என்றேன். "நோக் குளிசை ஏதும் போட்டனீங்களோ?" போட்டது எல்லாம் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்த பேனையை வைத்துவிட்டு, "மூண்டையும் ஒண்டாச் செய்திருக்கிறியள்" என்றா. பிறகு ஆறுதலாக விளங்கப்படுத்தினா. கடும் பயிற்சியும் வெக்கையும் சேரும்போது தசை உடைகிறது. உடைந்த தசையிலிருந்து வருகிற புரதம் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தில் போய் அடைக்கிறது. சலம் கறுத்தது அதனால்தான். உடம்பில் தண்ணீர் இல்லாதபோது சிறுநீரகத்துக்குப் போகிற இரத்தம் ஏற்கெனவே குறைவு, டைக்குளோபெனாக் போன்ற குளிசைகள் அதை இன்னும் குறைக்கும். ஒவ்வொன்றையும் தனித்தனியாக உடம்பு தாங்கக்கூடும், மூன்றும் சேர்ந்தால் தாங்காது. கையில் பார்த்த பிரசர் 160க்கு மேல். எவ்வளவு காலமாக அப்படி இருந்ததோ தெரியாது, நான் ஒருநாளும் பார்க்கவில்லை.

சேலைன் மாறி மாறி ஏறியது. சலத்தை ஒரு பாத்திரத்தில் பிடித்து அளந்து எழுதுவார்கள். பக்கத்துக் கட்டிலில் டயலிசிஸ் செய்கிற ஒருவர் இருந்தார். அவருடைய கையில் ஊசி ஏறுகிற இடத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்த இரவுகளில் எனக்கு இருந்த பயம் எந்த றிங்கிலும் இருக்கவில்லை. மகளின் கலியாணத்துக்கு நான் இருப்பேனோ என்று யோசித்தேன். அவளுக்கு அப்போது பத்து வயது. இரத்தத்தில் பார்த்த அளவுகள் மெல்ல இறங்கின. டயலிசிஸ் வரை போகாமல் தப்பினேன்.

பிறகு வாசித்துப் பார்த்தபோது, 1997 கடைசியில் அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் இதே மாதிரி எடை இறக்கும்போது சில கிழமை இடைவெளியில் இறந்திருக்கிறார்கள் என்று அறிந்தேன். மூவரும் இளம் பெடியள். அதன் பிறகு அங்கே கல்லூரி மல்யுத்தத்தில் றப்பர் உடுப்பும் நீராவி அறையும் தடை செய்யப்பட்டன. நாங்கள் கொழும்பில் மழைக்கோட்டோடு குதித்துக்கொண்டிருந்தது அதற்குப் பிறகும்தான். ஒருவரும் எங்களுக்குச் சொல்லவில்லை. இதை நினைக்கும்போது இன்னும் கோபம் வருகிறது.

ஆஸ்பத்திரியில் காசு எடுக்கவில்லை. மற்றச் செலவு எல்லாம் கையிலிருந்து. ஜிம் 48,000, புரோட்டீன் மா ஒரு டின் 28,000, ஸ்வெட் சூட் 6,500, முழங்காலுக்கு வெளியில் எடுத்த எம்.ஆர்.ஐ. 32,000, வெளியில் டொக்டரைச் சனல் பண்ணிப் பார்த்த காசு வேறு. கடை பூட்டியிருந்த கிழமைகளையும் சேர்த்தால் இரண்டரை லட்சத்துக்கு மேல் போனது. அதில் பாதிக் காசில் மகளின் படிப்புக்கு ஒரு கணினி வாங்கியிருக்கலாம்.

இனி, நான் முதலே செய்திருக்கக் கூடியவை. போட்டியை விட்ட எவரும் ஓட்டத்துக்கோ ஜிம்முக்கோ திரும்ப முன்னம் பிரசர், இரத்தத்தில் சீனி, கொழுப்பு, கிரியாற்றினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுகிற இரத்த அளவு) இவற்றைப் பாருங்கள், நாற்பது தாண்டினால் இ.சி.ஜி.யும். பொக்சர் என்றால் இருதயம் பலம் என்ற நினைப்பு வேண்டாம், அந்தப் பலம் பயிற்சி இருக்கும் வரைதான். தராசை விட அளவு நாடாவை நம்புங்கள். எங்கள் தெற்காசிய ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்ரிமீற்றரைத் தாண்டினால் சலரோகமும் இருதய வருத்தமும் வர வாய்ப்புக் கூடுகிறது. என்னுடையது 104 இருந்தது. தராசில் ஏறுவதென்றால் கிழமையில் ஒருநாள், காலையில், சாப்பிட முன்னம். ஓடிவிட்டு வந்து ஏறி ஒரு கிலோ குறைந்திருக்கிறது என்று சந்தோசப்படாதீர்கள். அது ஒரு லீற்றர் தண்ணீர். ஒன்றரை லீற்றராகத் திருப்பிக் குடிக்க வேண்டிய தண்ணீர்.

சாப்பாட்டில் நான் முதலில் கை வைத்தது தேத்தண்ணியில். நாளுக்கு ஆறு தேத்தண்ணி, இரண்டு கரண்டி சீனி என்றால் பன்னிரண்டு கரண்டி, ஏறக்குறைய 200 கலோரி. வேறொன்றையும் மாற்றாமல் அதை மட்டும் விட்டாலே ஒன்றரை மாதத்துக்குள் ஒரு கிலோ கணக்கில் வரும். முதல் பத்து நாள் கஷ்டம், பிறகு சீனி போட்டது தான் வாயில் வைக்க முடியாமல் போகும். புட்டை ஒரு நீத்துப்பெட்டியாக்கி, அந்த இடத்தில் மீனையும் கீரையையும் கூட்டினேன். சோற்றை விடவில்லை. விட்டால் மூன்று கிழமையில் கொத்துக் கடை வாசலில் நிற்பேன் என்று எனக்குத் தெரியும். புரோட்டீன் மாவைச் சிறுநீரகம் சரியாகும் வரை தொட வேண்டாம் என்றார்கள், சரியான பிறகும் நான் தொடவில்லை. திருநெல்வேலிச் சந்தையில் வாங்குகிற சூடை மீனும் முட்டையும் போதும்.

பயிற்சிக்கு வருவோம். முழங்கால் சவ்வில் தேய்வு என்று எம்.ஆர்.ஐ. சொன்னது. ஆஸ்பத்திரிப் பிசியோ தந்த முதல் பயிற்சி கதிரையில் இருந்து கை ஊன்றாமல் எழும்பி, மெல்ல இருப்பது. இவ்வளவுதானா என்றுதான் எனக்குத் தோன்றியது, ஆனால் எட்டாவது தரம் தொடை நடுங்கியது. காலையில் பண்ணைப் பாலத்தடியில் நடக்கிறேன், வெயில் ஏற முன்னம். கிழமைக்கு 150 நிமிடம் வேகமாக நடக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம், அதோடு இரண்டு நாள் தசைப் பயிற்சி. ஞாயிறுகளில் காரைநகர் கசூரினாவுக்குப் போனால் இடுப்பளவு தண்ணீரில் நடப்பேன். அந்த ஆழத்தில் உடம்பின் பாதிப் பாரத்தைக் கடல் தாங்குகிறது, முழங்கால் நோகாது. அங்கே கரை கனதூரம் ஆழமில்லாமல் போவதால் நீச்சல் தெரியாதவர்களும் செய்யலாம்.

பொக்சிங்கையும் விடவில்லை. எங்களிடம் உள்ள ஒரு பெரிய சொத்து அந்த றவுண்ட் கணக்கு. மூன்று நிமிடம் ஷடோ (எதிரில் ஆள் இல்லாமல் காற்றில் குத்துவது), ஒரு நிமிடம் ஆறுதல். மூன்று றவுண்டில் தொடங்கினேன், இப்போது ஆறு. கதைக்க முடியாத அளவுக்கு மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறைப்பேன். தொங்குகிற குத்துப் பையில் (பாக்) அடிப்பதென்றால் கட்டுத்துணியை ஒழுங்காகச் சுற்றி, பெரிய கிளவுஸ் போட்டு, பாதிப் பலத்தில். பழைய மணிக்கட்டுக்கு முழுப் பலம் கூடாது. ஸ்கிப்பிங் சீமெந்து நிலத்தில் செய்வதில்லை. பெடியள் குத்திப் பழகக் கையில் மெத்தைப் பாட் (pad) பிடிக்கிறது சுலபம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அடிக்கிறவனை விடப் பிடிக்கிறவனின் தோளும் முழங்கையும்தான் உதை வாங்கும். ஒரு பெடியனுக்கு இரண்டு றவுண்டுக்கு மேல் நான் பிடிப்பதில்லை.

ஆளோடு ஆள் பயிற்சிக்குச் சண்டை பிடிக்கிற ஸ்பாறிங் மட்டும் வேண்டவே வேண்டாம், எவ்வளவு மெதுவாக என்றாலும். குத்துச்சண்டைக்காரரின் மூளை காலப்போக்கில் பழுதாவதை 1928இலேயே மாட்லண்ட் என்ற அமெரிக்க மருத்துவர் எழுதிவிட்டார். றிங்கில் வாங்கியது போதும். மறதி, தலையிடி, காரணமில்லாத கோபம் என்று ஏதும் இருந்தால் வயது போகிறது என்று விட்டுவிடாமல் டொக்டரிடம் சொல்லுங்கள், பொக்சிங் செய்தவன் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இந்த இடத்தில் எல்லோரும் ஜோர்ஜ் ஃபோர்மனைக் கொண்டுவருவார்கள். 1994 கார்த்திகையில், 45 வயதில், மைக்கேல் மூரரைப் பத்தாவது றவுண்டில் விழுத்தி உலகப் பட்டத்தைத் திரும்ப எடுத்தவர். எனக்கும் அவரைத்தான் சொன்னார்கள். அவர் 1977இல் விட்டு 1987இல் திரும்பினார், பட்டம் வர இன்னும் ஏழு வருடம் எடுத்தது. அதைவிட முக்கியம், அவர் ஹெவிவெயிட். அந்தப் பிரிவில் எடைக்கு மேல் எல்லை கிடையாது. ஒரு நாளும் தண்ணீரை நிறுத்தித் தராசில் ஏற வேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை. 64 கிலோவில் ஏறிய எங்களுக்கு அவர் உதாரணம் ஆகமாட்டார்.

மனத்துக்கு எனக்குக் கை கொடுத்தது ஆட்கள்தான். பண்ணையில் காலையில் வருகிற ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், ஒரு முன்னாள் உதைபந்தாட்டக்காரர், நான். நடந்து முடிந்து சீனியில்லாத தேத்தண்ணி. கண்ணாடியில் தன்னைப் பார்க்கக் கூசுகிற அந்தப் பிரச்சினை உதைபந்தாட்டக்காரருக்கும் இருந்திருக்கிறது. அதை அவர் வாயால் கேட்ட அன்றுதான் நானும் மனைவிக்குச் சொன்னேன். அப்படி ஆட்கள் இல்லாதவர்கள் 1926க்கு எடுக்கலாம், அது தேசிய மனநல உதவி இலக்கம்.

இப்போது என் எடை 79. கிரியாற்றினின் சரியான அளவுக்கு வந்துவிட்டது, பிரசர் குளிசை தொடர்கிறது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிளினிக். கொழும்பு நண்பன் இந்த வருடமும் எடுத்தான், காட்சிப் போட்டி திரும்ப வைக்கிறானாம். எடை பார்க்கிறதில்லை, தலைக்கு அடி இல்லை, பாட் அடித்துக் காட்டுவது மட்டும் என்றால் வருகிறேன் என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்றான். அவனுக்கு வயது 46, தானும் எடை இறக்கிக்கொண்டிருக்கிறேன் என்றான். பிரசர் பார்த்தாயா என்று கேட்டால் பதில் இல்லை. பார்த்துவிட்டு அந்தத் துண்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன், அனுப்பும் வரைக்கும் ஒவ்வொரு நாளும் கோல் எடுப்பேன்.